கடல்வரை ஒரு விளக்கு

ஒவ்வோர் ஆடிப்பெருக்கன்றும் பவானி கூடுதுறையில் அந்த அம்மையார் தவறாமல் ஒரு விளக்கை ஆற்றில் விடுவார். காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியக் கூடுகின்ற துறை அது. அமுத நதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலப்பதாக ஐதீகம். சித்திரான்னமும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரித் தாயை வழிபட்டபின், வாழை மட்டையின்மேல் ஏற்றிய சிறு அகல் சுழன்று சுழன்று நகரும். அது மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, "இது கடல்வரைக்கும் போய்ச் சேருமா?" என்று கணவரைக் கேட்பார்.

"வழியில் எத்தனை கதவணை, எத்தனை மதகு! எங்கே போய்ச் சேர்வது?" என்று அவர் சிரிப்பார். ஆண்டுதோறும் அதே கேள்வி, அதே பதில். பிறகு இருவரும் சங்கமேசுவரரையும் வேதநாயகி அம்மையையும் தரிசித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

ஓர் ஐப்பசி மாதத்தில் அம்மையார் மஞ்சள் குங்குமத்தோடு இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆடிப்பெருக்கன்று கணவர் மட்டும் தனியே கூடுதுறைக்குப் போனார். விளக்கை விட்டார். அது மறைந்தது. கேட்பதற்கு யாரும் இல்லை.

அவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எடுத்த தபாலை விலாசத்தில் சேர்ப்பதையே வாழ்நாள் கடமையாகக் கொண்டவர். மனைவி கேட்ட அந்தக் கேள்வி, சேர்க்கப்படாத கடிதம்போல் அவர் மனத்தில் தங்கிவிட்டது. அடுத்த ஆடிப்பெருக்கில் அந்த விளக்கு பூம்புகாரில், காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் எரிய வேண்டும் என்று முடிவு செய்தார். அதைப் பேருந்தில் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. விளக்கு போயிருக்கக்கூடிய வழியிலேயே, ஆற்றின் கரையோடு, தம் பழைய மிதிவண்டியில் போக வேண்டும். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.

தை மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பாதையை எழுதத் தொடங்கினார். பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை, திருவரங்கம், கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நாளொன்றுக்கு அறுபது என்று வகுத்தால் ஐந்தே நாட்களில் முடிந்துவிடும். கணக்கு எழுதியபோது எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது.

அவருடைய வண்டியை இருபது ஆண்டுகளாகப் பழுது பார்த்துவரும் கடைக்காரர், கணக்கைக் கேட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். "ஆடியில் போவது நல்லதுதான் ஐயா. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அப்போது பலமாக இருக்கும். கொடுமுடிவரை அது பக்கவாட்டில் அடிக்கும். வண்டியைப் பிடித்து ஓட்ட வேண்டும். அங்கே ஆறு கிழக்கே திரும்புகிறது அல்லவா? அதன்பின் காற்று உங்கள் முதுகுக்கு வந்துவிடும்."

அம்மியையும் பறக்கவைக்கும் என்று பெரியவர்கள் சொன்ன ஆடிக் காற்று, முதுகைத் தாங்கும் கையாகவும் இருக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தி. ஆயினும் தஞ்சைச் சமவெளியில் கடலை நெருங்க நெருங்கப் பிற்பகலில் கீழைக்காற்று எதிரே வரும். ஆகவே காலையிலேயே ஓட்டி முடித்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

வண்டிக்கு முன்னும் பின்னும் புதிய டயரும் டியூபும் மாற்றப்பட்டன. பிரேக் கட்டைகளும் செயினும் புதிதாகப் போடப்பட்டன. தளர்ந்திருந்த போக்குக் கம்பிகள் இறுக்கப்பட்டன. சீட்டின் உயரம் முக்கியம் என்றார் கடைக்காரர். மிதிக்கட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். மிகவும் மடங்கினால் அன்று மாலையே மூட்டு வலிக்கும். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றைப் பொருத்தினார். கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், ஓர் உதிரி டியூப் ஆகியவற்றைக் கேரியர் பையில் வைத்துக் கட்டவும் கற்றுக்கொடுத்தார்.

சுமையைப் பற்றி அவரே ஒரு பாடம் கற்றார். முதல்முறை கட்டிய மூட்டையைக் கடைத் தராசில் வைத்தபோது பதினோரு கிலோ இருந்தது. இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு, ஒரு போர்வை, மாத்திரைப் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, ஆதார் அட்டையின் நகல், திருநீற்றுப் பை, மனைவி ஏற்றிய பித்தளை விளக்கு ஆகியவை தவிர மற்றவற்றையெல்லாம் எடுத்து வைத்தார். ஐந்து கிலோவாகக் குறைந்தது. வீட்டைவிட்டு இரண்டு வாரம் இருக்க மனிதனுக்கு இவ்வளவே போதும் என்பது தெரியவர, அலமாரியைத் திறந்து பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

பகலைத் திட்டமிடுவது எளிது. இரவைத் திட்டமிடுவதுதான் கடினம். எங்கே தலை சாய்ப்பது என்பதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் போவது என்பதை முடிவு செய்ய முடியும். தபால்காரருக்கு இதில் ஒரு தடை இருந்தது. பணியில் இருந்த காலத்தில் அவர் யார் வீட்டிலும் ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடித்தவரல்லர். மணியார்டர் கொண்டுபோன இடங்களில் மூதாட்டிகள் திண்ணையில் உட்காரச் சொல்லி வற்புறுத்தினாலும் வண்டியைவிட்டு இறங்காமலேயே விடைபெறுவார். கொடுப்பவராகவே வாழ்ந்துவிட்ட அவருக்கு, முன்பின் தெரியாதவர்களிடம் "ஓரிரவு தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்க நாக்கு எழவில்லை.

அதனால் தமக்குப் பழகிய வழியில் கேட்டார். அஞ்சலட்டைகள் வாங்கி, ஊருக்கு ஒன்றாக, கோயில் அலுவலகங்களுக்கும் சத்திரங்களுக்கும் எழுதினார். "தனியாக வருகிறேன். வயது அறுபத்தேழு. தரைத்தளத்தில் இடமிருந்தால் போதும். மிதிவண்டியை உள்ளே நிறுத்தவேண்டும். அடையாள அட்டை உண்டு." சில இடங்களிலிருந்து பதில் வந்தது. சில இடங்களிலிருந்து வரவில்லை. தனியாக வரும் முதியவர்களுக்கு அறை கொடுக்கத் தயங்கும் விடுதிகளும் உண்டு என்பது, தொலைபேசியில் விசாரித்தபோது தெரிந்தது. மகனுடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்து, அவனே பேசியபின் ஓரிரு இடங்கள் இசைந்தன. மூட்டு வலி உள்ளவர்கள் கீழே உட்கார்ந்து எழ முடியாது. கழிவறை எப்படிப்பட்டது என்பதையும் முன்பே கேட்டு வைக்கவேண்டும் என்று மருமகள் சொன்னாள். "இதைக் கேட்க வெட்கப்படக் கூடாது மாமா" என்றாள். அவர் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

எழுத எழுத, ஒரு பொருத்தம் அவர் கண்ணில் பட்டது. பெரும்பாலான கோயில்கள் காலையில் நடை திறந்து நண்பகலில் சாத்தப்படும். மாலை நான்கு மணிக்கு மீண்டும் திறக்கும். மிதிவண்டியில் போகும் முதியவருக்கும் அதுவே நேரம். விடியலில் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் ஓட்டி முடித்து, குளித்து, தரிசனம் செய்து, கோயிலில் அன்னதானம் இருந்தால் உண்டு, வெயில் வேளையில் படுத்திருந்து, மாலையில் மீண்டும் ஒருமுறை சந்நிதிக்குப் போய்வந்து, ஒன்பது மணிக்கு உறங்கலாம். சுவாமி ஓய்வு கொள்ளும் வேளையில் தாமும் ஓய்வு கொண்டால் உடம்பு கெடாது. இருட்டியபின் வண்டி ஓட்டவே கூடாது.

சில ஆசைகளை விட வேண்டியிருந்தது. காலையில் கடம்பர், மத்தியானத்தில் சொக்கர், அந்தியில் திருஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று தலங்களை வழிபடுவது குளித்தலைப் பக்கத்து மரபு. ஆனால் சொக்கர் எழுந்தருளியிருக்கும் அய்யர்மலைக்கு 1,017 படிகள். திருஈங்கோய்மலைக்கு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகவேண்டும். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, கடம்பரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அடித்தார். சுவாமிமலையின் அறுபது படிகளை அடிக்கவில்லை. திருவானைக்காவில், அர்ச்சகர் அம்பிகையின் கோலத்தில் வந்து சுவாமிக்குச் செய்யும் உச்சிக்கால பூஜையைக் காண வேண்டும் என்பதற்காகவே திருவரங்கத்தில் ஒருநாள் கூடுதலாகச் சேர்த்தார்.

பங்குனியில் மருத்துவர் இதயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சிறுகச் சிறுகப் பழகினால் தடையில்லை என்றார். பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று பழகியவர், ஒருநாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அறுபது ஓட்டிவிட்டார். பெருமிதத்தோடு மறுநாளும் புறப்பட்டார். தொடர்ந்து இரண்டு நாள் ஓட்டிப் பார்க்காதவரை உடம்பின் உண்மை தெரியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. முப்பதாவது கிலோமீட்டரில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. தலை சுற்றியது. சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய சரக்கு ஆட்டோ ஒன்றில் வண்டியையும் அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

மகன் கோபப்படவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் இரவு, அவர் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, போகவேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்காகப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கெங்கே போவீர்கள் என்று எழுதியிருக்கிற நீங்கள், எங்கெங்கே நிறுத்துவீர்கள் என்று எழுதவில்லை. ஈரோட்டிலிருந்து மயிலாடுதுறைவரை ரயில் இருக்கிறது. எந்தெந்த ஸ்டேஷனில் இறங்கினால் உங்களை அழைத்துவரலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதை எழுதிக் கொடுத்தால்தான் என் மனம் ஆறும்."

புறப்படும் முன்பே திரும்பி வருவதை எழுதச் சொல்கிறானே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. தோற்றுப்போவதற்கு ஓர் அட்டவணையா? நோட்டுப் புத்தகத்தை மூடி, பரணில் போட்டுவிட்டார்.

சித்திரைச் சதயம் வந்தது. அப்பர் சுவாமிகளின் குருபூஜை. மாலையில் கோயில் மண்டபத்தில் ஓதுவார் அப்பரின் திருக்கயிலை யாத்திரையைச் சொன்னார். கயிலையில் ஈசனைக் காண வேண்டும் என்று முதுமையில் தனியே புறப்பட்டார் அவர். இரவும் பகலும் நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளால் ஊர்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பால் நகர்ந்தார், உடம்பைப் புரட்டிக்கொண்டு போனார். முடிவில் அங்கங்களெல்லாம் ஓய்ந்து கிடந்தபோது, ஈசன் முனிவர் வடிவில் எதிரே வந்து, மானுடர் சென்று அடைவதற்கு உரியதன்று கயிலை, திரும்புக என்றார். காணாமல் திரும்பேன் என்று அவர் உறுதியாக நின்றார். பிறகு இறைவனின் திருவாக்கு எழுந்தது: இந்தப் பொய்கையில் மூழ்குக, நாம் கயிலையில் இருக்கும் கோலத்தைத் திருவையாற்றில் காண்க. அவ்வாறே மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எதிர்ப்பட்ட உயிர்களையெல்லாம் சிவமும் சக்தியுமாகக் கண்டார்.

ஓதுவார் சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "புறப்படத் தூண்டியவரும் அவரே, போதும், திரும்பு என்று சொன்னவரும் அவரே. நம்மில் பலர் முதல் குரலை மட்டும் இறைவன் குரல் என்கிறோம். இரண்டாவது குரல் கேட்டால் விதி என்று நொந்துகொள்கிறோம். அப்பர் கயிலை மலையை அடையவில்லை. ஆனால் கயிலைக் காட்சியை அடைந்தார்."

தபால்காரர் தூணில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியால் வாடிய அதே அப்பருக்குச் சோலையும் குளமும் அமைத்து, பொதிசோற்றோடு ஈசனே அந்தணராகக் காத்திருந்ததையும் ஓதுவார் சொல்லத்தான் செய்தார். அப்பர் அதை மறுக்கவில்லை, வாங்கி உண்டார். மூதாட்டிகள் நீட்டிய மோர்ச் செம்புகள் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தன. அவை யார் நீட்டியவை என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிரவு பரணிலிருந்து நோட்டு இறங்கியது. அறுபது என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, நாளொன்றுக்கு நாற்பதுக்கு மேல் இல்லை என்று எழுதினார். முதல் நாள் ஈரோடுவரை பதினைந்தே கிலோமீட்டர். பத்து நாட்கள் பயணம். கரூரிலும் திருவரங்கத்திலும் ஒவ்வொரு நாள் ஓய்வு. எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்ட நாட்கள் இரண்டு. அந்த இரண்டும் உடம்புக்கு உரியவை; அல்லது மழைக்கு; அல்லது யாரேனும் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொன்னால் அவர்களுக்கு. ஆடி 4-ஆம் நாள் புறப்பட்டால் ஆடி 17 அன்று பூம்புகார், மறுநாள் பெருக்கு.

கடைசிப் பக்கத்தில், மகன் கேட்ட பட்டியலை எழுதினார். ஈரோடு, கொடுமுடி, கரூர், குளித்தலை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை. அதன் கீழே, "மூட்டு வீங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, இரண்டு நாள் தொடர்ந்து உறக்கம் இல்லாவிட்டாலோ, அருகிலுள்ள ஸ்டேஷனில் பயணம் நிறைவுறும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நிறுத்தப்படும்" என்றுதான் முதலில் எழுதினார். பிறகு அதை அடித்துவிட்டு "நிறைவுறும்" என்று மாற்றினார்.

பட்டியலைப் படித்த மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்படி ஏதாவது ஓர் ஊரில் நிறைவுற்றால், விளக்கு என்ன ஆகும்?"

அதை மட்டும் அவர் எழுதவில்லை.

"அந்தக் காலத்தில் தபால் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்வீர்களே அப்பா? ஒருவர் தம் எல்லைவரை ஓடி, மூட்டையை அடுத்தவரிடம் கொடுப்பார். கடைசிவரை ஒருவரே ஓடவேண்டும் என்று சட்டம் இல்லையே. நீங்கள் எங்கே நிறுத்தினாலும் அங்கே நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்."

ஆடி 4 அன்று விடியற்காலை கூடுதுறையில் நீராடி, சங்கமேசுவரர் சந்நிதியில் விளக்கை வைத்து எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். ஒவ்வோர் ஊரிலிருந்தும் இரவில் மகனுக்குத் தொலைபேசி வந்தது. பேத்திக்கு அஞ்சலட்டை வந்தது. கொடுமுடியில் மூம்மூர்த்திகளையும் ஒரே கோயிலில் தரிசித்ததை எழுதியிருந்தார். குளித்தலைக்கு முன்னால் ஒரு டீக்கடை அம்மையார் காசு வாங்க மறுத்ததையும், அதைத் தாம் ஏற்றுக்கொண்டதையும் எழுதியிருந்தார். திங்களூர் அட்டையில், முன்பின் பார்த்திராத அப்பரின் பெயரால் அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர் இதுதான் என்று ஒரே ஒரு வரி இருந்தது. வெறுமையாக விட்டிருந்த இரண்டு நாட்களில் ஒன்று மழைக்குப் போயிற்று. மற்றொன்று கும்பகோணத்தில் முழங்காலுக்குப் போயிற்று.

மயிலாடுதுறையை அடைந்த இரவு வீக்கம் அதிகமாயிற்று. பூம்புகாருக்கு இன்னும் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பட்டியலில் கடைசி ஊர் அது. அவர் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மகனை அழைத்து, "இங்கே நிறைவுறுகிறது" என்றார்.

மகன் மறுநாளே வந்து சேர்ந்தான். ஆடிப்பெருக்கன்று அதிகாலையில், தந்தையைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, பல ஆண்டுகளாகத் தொட்டிராத மிதிவண்டியில், கேரியர் பையில் விளக்கோடு அவன் புறப்பட்டான். கரையில் காத்திருந்த தந்தை, அவன் மூச்சு வாங்க வந்து இறங்குவதைப் பார்த்தார்.

பவானியில் அகன்று ஓடிய காவிரி அங்கே ஒரு வாய்க்காலின் அகலத்தில் கடலை அடைந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதைக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள் அவள். கரையில் இருந்த சுமங்கலிப் பெண்களுக்கு மஞ்சளும் குங்குமமும் கொடுத்தபின், மகன் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொள்ள, தந்தை விளக்கை ஏற்றினார்.

"சேர்ந்துவிட்டது" என்று அவர் மெல்லச் சொன்னார். கேட்டவரின் காதில் அது விழுந்திருக்கும்.